அடிபட்ட செம்பின் வெளிச்சம்

அடி வாங்கும்போது செம்புத் தகடு வெளிச்சம் விடும் என்பதை எங்கள் காலேஜில் முதலில் கண்டது வெற்றிச்செல்வி. பக்கத்தில் நின்றவன் நான். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்காக என் வேலை போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கையெழுத்தைப் போடப் பதினோரு நாள் யோசித்தேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

என் பேர் மணிவேல். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் இருந்த ஒரு தனியார் காலேஜில், இயற்பியல் துறைக்கு மெக்கானிக். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அரியலூரில் ஒரு லேத் பட்டறையில் சிமென்ட் லாரிகளுக்குச் சாமான் கடைந்துகொண்டிருந்தேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்று கையில் எடுத்தால் சொல்லிவிடுவேன்.

வெற்றிச்செல்வி 97-ல் டெமான்ஸ்ட்ரேட்டராக வந்தார். லேப் வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிற வேலை. குன்னத்துக்குத் தெற்கே ஒரு ஊர். அப்பா ராசாங்கமும் அம்மா ஆண்டாயியும் அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கி, பருத்தி எடுத்துப் படிக்க வைத்தவர்கள். அந்தத் தெருவிலிருந்து எம்.எஸ்சி. முடித்த முதல் ஆள் இவர்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார்.

ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அவர் பதிவு செய்திருந்தது துறைத் தலைவர் பஞ்சநாதனிடம். அந்த ஆளுக்கு இங்கே மரியாதை வைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். அவன் கொடுத்த தலைப்பு, உப்புப் படிகம் வளர்ப்பது. கரைசலை வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தில் வெற்றிச்செல்வி வேறொன்றை யோசித்தார். ஒருநாள் என்னிடம் வந்து, பென்சிலில் படம் போட்ட ஒரு தாளை நீட்டினார்.

"அண்ணே, ஒரு செம்புத் தகட்ட ரெண்டு வளையத்துக்கு நடுவுல இறுக்கிப் புடிக்கணும். ஒரு பக்கம் எடைக்கட்டி வந்து அடிக்கும். அடுத்த பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம்கூட நுழையக்கூடாது. செய்ய முடியுமா?"

"எதுக்கு மேடம்?"

"அடி வாங்குறப்ப தகடு வெளிச்சம் விடுதான்னு பாக்கணும்."

"இரும்பு பட்டா பொறி பறக்கும். அது தெரிஞ்சதுதானே."

"பொறி அடிபடுற பக்கம்ணே. நான் பாக்கப்போறது முதுகுப்பக்கம். அங்க எதுவும் தொடாது, உரசாது. தகடு சட்டுனு வளையறப்ப உள்ள இருக்கிற அணுவெல்லாம் வரிசை வரிசையா நழுவும். அந்த நழுவல்ல கொஞ்சூண்டு வெளிச்சம் வரும்னு வெளிநாட்டுல ரெண்டு மூணு பேரு எழுதியிருக்காங்க. கண்ணுக்குத் தெரியாது. நம்ம குழாய் பாக்கும்."

அவர் சொன்ன குழாய், மிக மெல்லிய வெளிச்சத்தையும் மின்சாரமாக்கிப் பெருக்கிக் காட்டுகிற கண்ணாடிக் குழாய். துறை அலமாரியில் ஆறு வருஷமாக அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தது. அதைக் கேட்டபோது, "உடைச்சா உன் பொறுப்பு" என்று சொல்லிப் பஞ்சநாதன் சாவியைத் தூக்கிப் போட்டான். அந்த ஆராய்ச்சிக்கு அவன் செய்த உதவி அவ்வளவுதான்.

வளையங்களைக் கடைய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. குழாய் இருக்கும் பெட்டிக்கு உள்ளே வெளியே கறுப்புப் பூச்சு, மூட்டுகளில் ரப்பர், அதற்கு மேல் கறுப்புத் துணி. 98 மார்ச் மாதம் ஒரு மத்தியானம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் எடைக்கட்டியை விட்டேன். டங் என்று விழுந்தது. குழாயின் மின்சாரத்தை வரைந்து காட்டுகிற சி.ஆர்.ஓ. கருவியின் திரையில் பச்சைக் கோடு ஊசி மாதிரி ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

நான் சிரித்துவிட்டேன். வெற்றிச்செல்வி சிரிக்கவில்லை. "முதல்ல இது பொய்யின்னு காட்டப் பாப்போம்ணே" என்றார்.

அந்தப் பொய்யைத் தேடி ஏழு மாதம் போனது. மரப்பலகையை வைத்து அடித்தோம், கோடு அசையவில்லை. தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் கறுப்பு அட்டையை வைத்து மறைத்து அடித்தோம், கோடு படுத்தே கிடந்தது. அட்டையை எடுத்ததும் துள்ளியது. அதிர்ச்சியில் குழாயே தப்பாகக் காட்டுகிறதோ என்று குழாயைத் தனி மேசையில் நிறுத்தினோம். எப்படிச் செய்தாலும் செம்பு வெளிச்சம் விட்டது. அதில் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு தகடு ஒரு தடவைதான் நன்றாக ஒளி விடும். அடிபட்ட தகடு உள்ளுக்குள் இறுகிப்போகும், அதில் அணுக்கள் மறுபடி அப்படி நழுவுவதில்லை. அதனால் ஒவ்வொரு அடிக்கும் புதுத் தகடு. பாலிஷ் போட்டு, கரித்தூளுக்குள் புதைத்து, உலையில் சிவக்கச் சூடாக்கி, ஆறவிட்டு இளக்கிய தகடு. நானூற்றுச் சொச்சம் தகடு வெட்டினேன். அடித்த தகட்டையெல்லாம் நம்பர் போட்டுக் காகித உறையில் வைத்தார்.

சாயங்காலம் நோட்டில் எழுதிவிட்டு என் பக்கம் திருப்புவார். "நீங்களும் இருந்தீங்கல்ல, போடுங்க." நான் தமிழில் 'மணிவேல்' என்று போட்டுத் தேதி போடுவேன். அப்படி இரண்டு நோட்டு நிறைந்து மூன்றாவது ஆரம்பித்தது.

டிசம்பரில் பஞ்சநாதனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் இரண்டு நிமிஷம் நின்றான். பச்சைக் கோடு அவன் கண்ணெதிரே துள்ளியது.

"எங்கயோ வெளிச்சம் ஒழுகுது. ரெண்டு வருஷத்த வீணாக்கிட்ட."

"ஒழுகல சார். அட்டை வச்சு மறைச்சா வரல. நோட்டுல எல்லாம் இருக்கு சார், பாருங்க."

அவன் நோட்டைப் பார்க்கவில்லை. வளையத்தில் இறுக்கியிருந்த தகட்டை விரலால் தட்டினான். சிரித்தான். "தோல இழுத்துக் கட்டித் தட்டுறது உங்க ஆளுங்களுக்குப் புதுசா என்ன? காலேஜிலயும் வந்து அதையே பண்ணணுமா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டான். வெற்றிச்செல்வி போல்ட்டைக் கழற்றி, தகட்டை எடுத்து, நம்பர் போட்டு உறையில் வைத்தார். நான் பக்கத்தில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு லேப் வகுப்பு இரட்டிப்பானது. இருட்டுப்பெட்டி இருந்த அறைக்குப் பூட்டு விழுந்தது.

99 ஜூனில் அரவிந்தன் வந்தான். காலேஜ் நடத்துகிறவரின் தம்பி மகன். பஞ்சநாதனிடமே ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தான். கெட்டவன் இல்லை, எல்லாரிடமும் சிரித்துப் பேசுவான். எதையும் தானாகச் செய்து பழக்கமில்லாதவன். அவன் வந்த மாதத்தில் பூட்டு திறந்தது. பஞ்சநாதன் வெற்றிச்செல்வியைக் கூப்பிட்டு, "அந்த நோட்டைக் குடு, நிதானமா பாக்கிறேன்" என்றான். அவர் சந்தோஷமாக மூன்றாவது நோட்டைக் கொடுத்தார். முடிவெல்லாம் சுத்தமாகத் தொகுத்து எழுதியது அதில்தான். அது திரும்பி வரவேயில்லை.

2000 பிப்ரவரியில் காலேஜில் கருத்தரங்கு. இரண்டு நாள் முன்னால் அச்சடித்த புத்தகம் வந்தது. ஆபீசில் வேலை பார்த்த செல்லதுரை ஒரு பக்கத்தைப் பிரித்து, "அண்ணே, உன் பேரு வந்திருக்கு" என்று காட்டினார். ஆங்கிலத்தில் என் பேர், அச்சில். வாழ்க்கையில் முதல் தடவை. அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என் சம்சாரம் உண்ணாமலையிடம் காட்டினேன். பிள்ளைகள் தடவித் தடவிப் பார்த்தார்கள். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை அதை வெற்றிச்செல்வியிடம் நீட்டினேன். "நம்ம ரெண்டு பேரு பேரும் இருக்கு மேடம்."

அவர் படித்தார். முகம் மாறியது. "அண்ணே, நம்ம பேரு எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

"கடைசியில."

"கடைசியில, நன்றின்னு போட்டு. செஞ்சவங்க பேரு மேல இருக்கு. பஞ்சநாதன், அரவிந்தன். உள்ள இருக்கிறது அத்தனையும் என் கணக்கு. ஒரு எழுத்து மாத்தல. நான் தப்பா எழுதின ஒரு தேதி இருந்துச்சு, அதுகூட அப்படியே இருக்கு."

நேரே பஞ்சநாதன் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். உள்ளே போகவில்லை. கதவு திறந்தே இருந்தது.

"சார், இது என் வேலை."

"உன் பேரும் போட்டிருக்கே. பாக்கலையா?"

"நன்றின்னு போட்டிருக்கீங்க. நான் உங்களுக்கு உதவி பண்ணல சார். நீங்கதான் எனக்குப் பண்ணியிருக்கணும்."

"இங்க பாரு. கைடு சொல்றத ஸ்டூடண்ட் செய்யிறது. யோசனை என்னோடது."

"வெளிச்சம் ஒழுகுதுன்னு சொன்னதா சார் உங்க யோசனை?"

அவன் குரல் மெதுவாக வந்தது. "வேலை வேணுமா வேணாமா? உங்க அப்பன் ஆத்தா இன்னும் காட்டு வேலைக்குத்தானே போறாங்க?"

"அவங்க போறாங்க சார். அடுத்தவங்க செஞ்ச வேலைக்கு அவங்க தன் பேரப் போட்டுக்கிறதில்ல. நோட்டைக் குடுங்க."

"எந்த நோட்டு?"

அவர் வெளியே வந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. "மூணாவதுதான் அவங்கிட்ட இருக்கு. முதல் ரெண்டும் எங்க வூட்ல இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னார்.

கருத்தரங்கு அன்று சென்னையிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வந்திருந்தார். அரவிந்தன் ஸ்லைடு போட்டுப் பேசினான். பிறகு எல்லாரும் பார்க்க ஒரு தடவை அடித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. எடைக்கட்டியை விடுகிற ஆள் நான். அரவிந்தன் தட்டிலிருந்து ஒரு தகட்டை எடுத்து வந்தான். பார்க்கப் பளபளவென்று இருந்தது. கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது ஏற்கெனவே அடிபட்டது. நசுங்கியதை நிமிர்த்தி, அழகாக இருக்க வேண்டும் என்று திரும்பப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். இளக்காத தகடு. நான் பேசாமல் இறுக்கினேன். அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததில் மட்டும் எனக்கு வெட்கமில்லை.

எடைக்கட்டி விழுந்தது. கோடு லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். இன்னொரு தடவை. அதுவுமில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெறும் கருவி இரைச்சல் மாதிரி இருக்கே. உங்க முடிவுகள்ல எனக்குச் சந்தேகம் வருது" என்றார்.

"மணிவேல், என்னய்யா பண்ணி வச்ச?" என்று பஞ்சநாதன் எல்லார் முன்னாலும் என் மேல் பாய்ந்தான்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து வெற்றிச்செல்வி எழுந்து வந்தார். "அண்ணன் மேல தப்பில்ல. தகடு ஏற்கெனவே அடிபட்டது" என்றார். அலமாரியின் கீழ்த்தட்டில் கரித்தூள் டப்பாவிலிருந்து, முன்பே இளக்கி வைத்திருந்த ஒரு தகட்டை எடுத்தார், ஸ்பிரிட்டில் துடைத்தார், அவரே இறுக்கினார். ஏன் இளக்க வேண்டும், ஏன் ஒரு தகட்டுக்கு ஒரே அடி என்று பேராசிரியரைப் பார்த்து நாலு வரியில் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் விட்டேன். கோடு திரையின் உச்சி வரைக்கும் துள்ளியது.

பேராசிரியர் எழுந்து கிட்டே வந்துவிட்டார். "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. இவங்க யாரு?"

"எங்க டெமான்ஸ்ட்ரேட்டர் சார். நல்லா பழக்கியிருக்கோம்" என்றான் பஞ்சநாதன்.

எல்லாரும் கை தட்டினார்கள். பேராசிரியர் அரவிந்தனிடம் போய்க் கை கொடுத்தார். வெற்றிச்செல்வி தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு மரத்தடியில் நின்று நான் கத்தினேன். "எதுக்கு மேடம் போனீங்க? அசிங்கப்படட்டும்னு விட்டிருக்கலாமே."

"அவனுங்க அசிங்கப்பட்டா பரவால்ல. அது பொய்யின்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போறத எப்படிண்ணே உக்காந்து கேக்கிறது? அது உண்மை. ஏழு மாசம் பாத்தோம்ல."

அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினார். முதல் இரண்டு நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து இருந்தது. அது அந்தந்தத் தேதியில் நான் பார்த்துப் போட்டதுதான் என்று ஒரு கடிதம் வேண்டும். கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

யோசித்தேன். மூத்தவள் பன்னிரண்டாவது, சின்னவன் எட்டாவது. திரும்ப லேத்துக்குப் போனால் முதுகு தாங்குமா என்று யோசித்தேன். வெற்றிச்செல்வி மறுபடி கேட்கவில்லை. எதிரே வந்தால் எப்போதும் போல "சாப்பிட்டீங்களாண்ணே" என்றுதான் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

பதினோராவது நாள் பஞ்சநாதன் கூப்பிட்டான். உட்காரச் சொன்னான். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான். டைப் அடித்த ஒரு தாளை நகர்த்தினான். வெற்றிச்செல்வி கேட்டுக்கொண்டதால் எல்லாப் பக்கத்திலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டேன், எதற்கென்று எனக்குத் தெரியாது என்று அதில் இருந்தது.

"நீ நம்ம ஆளு. அவளுக்காக நீ ஏன் கெட்டுப்போற?" என்றான்.

நம்ம ஆளு. ஏழு வருஷம் அவன் என்னை வாசலில் நிற்க வைத்தே பேசினான். அந்த வார்த்தைக்காகத்தான் அந்த நாற்காலி. பத்தாவது படித்தவனுக்கு ஒன்றும் தெரியாது, சாதியைச் சொன்னால் மடங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அந்தக் கணக்குப் பதினோரு நாளாகக் கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருந்தது.

தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "இதையும் சேத்து அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் உண்ணாமலையிடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "போட்ட கையெழுத்த போட்டேன்னு சொல்றதுக்கு இத்தன நாளா உனக்கு?" என்றாள். அன்று சாயங்காலமே குன்னம் பஸ் பிடித்து, வெற்றிச்செல்வி வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ஆண்டாயி அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். நான் தாமதித்ததைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் நான் செம்பு திருடியதாகச் சொல்லி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நானூறு தகடு காணோமாம். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். வெற்றிச்செல்வி வந்து, அத்தனை தகடும் நம்பர் போட்ட உறையில் துறை அலமாரியிலேயே இருக்கிறது, போய் எண்ணுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். போய் எண்ணினார்கள். வழக்கு இல்லை என்று விட்டார்கள். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை, மறுபடி லேத் வேலைக்கே போனேன்.

பல்கலைக்கழக விசாரணை அடுத்த வருஷம் நடந்தது. ஒரு மணி நேரம். ஒரு தகட்டை ஏன் ஒரு தடவைக்கு மேல் அடிப்பதில்லை என்று கேட்டதற்கு அரவிந்தன் பஞ்சநாதன் முகத்தைப் பார்த்தானாம். வெற்றிச்செல்வி நோட்டு, தகடு, என் கடிதம் எல்லாவற்றையும் மேசையில் வைத்திருக்கிறார். மூன்று பேர் கொண்ட குழு ஐந்து மாதம் கழித்து எழுதிய முடிவு இதுதான்: இரு தரப்பும் இந்த ஆய்வைத் தொடரலாம், புகார் கொடுத்தவர் வழிகாட்டியை மாற்றிக்கொள்ளலாம். திருட்டு என்ற சொல் எங்கேயும் இல்லை. அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டியபோது அவர் ஒரே ஒரு தடவை குரல் உயர்த்தினார். "இரு தரப்பாம்ணே. நானும் தரப்பு, அவனும் தரப்பு."

அரவிந்தனுக்கு 2002-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. வெற்றிச்செல்வி திருச்சியில் வேறொரு வழிகாட்டியிடம் போய், செம்பை விட்டுவிட்டு வெள்ளி, அலுமினியம் என்று எல்லாவற்றையும் புதிதாக அடித்து 2005-ல் முடித்தார். வளையங்களை என் லேத்தில்தான் கடைந்தேன். இப்போது அரியலூரில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறார். பஞ்சநாதன் மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனான்.

போன மாதம் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒருத்தர் வந்து தோளைத் தொட்டார். அரவிந்தன். உடம்பு போட்டிருந்தான்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? பசங்க என்ன பண்றாங்க?"

சொன்னேன். அவன் கொஞ்சம் தயங்கினான். "அப்ப நான் சின்னப் பையன்ணே. சார் சொன்னதச் செஞ்சேன். இப்ப நெனச்சா ஒரு மாதிரியாத்தான் இருக்கு. எம்மேல கோவம் ஒண்ணும் இல்லையே?"

"இருக்கு" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. ஏதாவது சேர்த்துச் சொல்வேன் என்று நின்றான். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன்.